தேயிலை மண்ணில் புளூபெரி

நுவரெலியாப் பக்கம் ஸ்ட்ரோபெரி நன்றாக வருகிறது, அடுத்து புளூபெரி போட்டால் என்ன என்று நினைப்பவர்கள், தேயிலை மண்ணாக இருந்தால், மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். யோசிக்க வேண்டியது எந்த இனம் என்பதைத்தான்.

புளூபெரிக்குப் பிடித்தது பிஎச் 4.5 முதல் 5.5 வரையான அமில மண், கிட்டத்தட்ட தேயிலைக்குப் பிடித்த அதே மண். அமிலத்தைக் குறைக்க டொலமைட் அள்ளிக் கொட்டிய மரக்கறித் தோட்டத்தில் நட்டால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் அதை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். வேர்த்தூவியே இல்லாத, மேலாகப் படரும் மெல்லிய வேர் இது, உள்ளே குடியிருக்கும் பூஞ்சையின் துணையோடு சத்து எடுக்கிறது. நைதரசன் சத்தை நைத்திரேற்றாக எடுப்பதைவிட அமோனியமாக எடுக்க விரும்புவதால் தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேட்டே இதற்கும் ஆகும். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

அமில மண்தான் வேண்டும் என்பதை அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் 1910இல் எழுதினார். அதைப் படித்த எலிசபெத் வைட், நியூ ஜேர்சியில் கிரான்பெரி (புளூபெரிக்கு உறவான செம்பழம்) தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண், காட்டில் பழம் பறிப்பவர்களிடம் துளையிட்ட அலுமினியத் தகடு கொடுத்து, அந்தத் துளையில் நுழையாத அளவு பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டினால் பணம் என்றார். காட்டித் தந்தவரின் பெயரையே செடிக்கும் வைத்தார்; ரூபெல் என்ற இனத்தின் பெயர் அப்படி வந்ததுதான். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்ததை மதித்த இந்தக் காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1916இல் முதல் விளைச்சல் விற்பனைக்குப் போனது.

அப்புறம் குளிர். அந்த வடக்கத்திய இனங்களுக்கு 7 பாகைக்குக் கீழே 800 மணித்தியாலத்துக்கு மேல் குளிர் வேண்டும், இல்லாவிட்டால் மொட்டு சரியாக விரியாது. நமக்கோ தை, மாசியில் விடியற்புறம் சில மணிநேரம்தான் அவ்வளவு குளிர். கொழுந்தைக் கருக்கப் போதும், இதற்குப் போதாது. புளோரிடாவில் 1940களின் கடைசியில் தொடங்கிய ஆய்வில், அங்கே காட்டில் வளரும் பசுமைமாறாச் சிறு புளூபெரிச் செடியோடு வடக்கத்திய இனத்தைக் கலந்தார்கள். காட்டுச் செடிக்கு நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதி, தோட்டச் செடிக்கு நான்கு, சாதாரணமாகச் சேராது. எப்போதாவது நிறமூர்த்தம் பாதியாகக் குறையாமல் உருவாகும் இனப்பெருக்கக் கலம்தான் வழிவிட்டது. இப்படி வந்த தெற்கத்திய இனங்கள் சிலவற்றை இலை உதிராமலே காய்க்க வைக்கலாம். மலையகத்தில் முயல்பவர்கள் இவற்றைத்தான் தேட வேண்டும். கிரான்பெரிக்கு இன்னும் நீண்ட குளிர் தேவை, அதை விட்டுவிடலாம்.

ஒன்று முக்கியம். இந்தப் பூவின் மகரந்தம் உப்புப் போத்தல் மாதிரி நுனித் துளை வழியாகத்தான் கொட்டும். தச்சு வண்டு போல உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும் பூச்சிகள் வேண்டும், தேனீக்கு அது தெரியாது. அதனால் பூக்கும் நாட்களில் பக்கத்து மரக்கறிப் பாத்திக்கும் மருந்து அடிக்காதீர்கள்.