வன உரிமை மனுவுக்குச் செல்போன் அளவு போதுமா?

காட்டில் வாழ்வோரின் நில, வன உரிமைகளை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழ் மனு போடும்போது நிலத்தைச் செல்போனிலேயே அளக்கலாமா? தாராளமாக அளக்கலாம். ஆனால் உரிமையை நிரூபிக்க அது மட்டும் போதாது.

அளவு எடுப்பது ஊரின் வேலை. கிராம சபை தேர்ந்தெடுத்த 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழு, மனுதாரருக்கும் வனத்துறைக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நேரில் போய்ப் பார்த்து எல்லை குறிக்க வேண்டும். தனிநபருக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருக்க வேண்டும். ஊரே சேர்ந்து கேட்கும் சமூக வன வளத்துக்கு இந்த வரம்பு கிடையாது. மகாராஷ்டிரத்தின் மெண்டா லேகா கிராமம் சுமார் 1,800 ஹெக்டேர் வாங்கியது. அவ்வளவு பெரிய காட்டைச் சுற்றிவரும்போதுதான் போனின் அருமை தெரியும்.

ஜிபிஎஸ் வேலை செய்ய டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். வரைபடத்தை மட்டும் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேன் பாறை, ஓடை, சுடுகாடு, சீமாறு அறுக்கும் சரிவு என ஒவ்வோர் இடத்திலும் நின்று போன் வரைபடத்தில் புள்ளி வையுங்கள்; ஊரில் வழங்கும் பெயரையே எழுதுங்கள்.

சரி, பிசகு எவ்வளவு வரும்? வெட்டவெளியிலேயே 5 மீட்டர் வரை வரலாம், மரத்தடியில் இன்னும் கூடும். 50-க்கு 40 மீட்டர் நிலம் ஏறக்குறைய 50 சென்ட். நாலு பக்கமும் 5 மீட்டர் உள்ளே தள்ளிக் காட்டினால் 30 சென்ட்தான் மிஞ்சும்! அதனால் சின்ன நிலத்துக்கு டேப்பும் பிடித்துவிடுங்கள். மூலையில் வேகமாகத் தட்டிவிட்டு ஓடாமல், திரையில் காட்டும் பிழை அளவு குறையும்வரை நில்லுங்கள்.

அப்புறம் செயற்கைக்கோள் படம். நிழல் மரத்தடிக் காப்பித் தோட்டம் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும்; தரிசு போட்ட மானாவாரி நிலம் புதராகத் தெரியும். “படத்தில் சாகுபடியே இல்லையே” என்று யாராவது சொன்னால், 2012-இல் திருத்திய விதிகளைக் காட்டுங்கள்: செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பமும் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாகலாம், மாற்றாகக் கூடாது. பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், வரப்பு, கிணறு, பழைய ரசீது போன்றவற்றில் குறைந்தது இரண்டு ஆதாரம் மனுவோடு இருக்கட்டும்.

மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை தள்ளியிருந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.