நேற்று எழுதிய நோட்புக் எங்கே போனது?

"கிளவுடில் கன்டெய்னர் அமைத்து ஜூபிட்டர் நோட்புக் ஓட்டினேன். மறுநாள் பார்த்தால் நான் எழுதிய கோப்பைக் காணோம். நம்பை, பாண்டாஸ் போன்ற பைத்தான் நூலகங்கள் எல்லாம் மட்டும் போட்டது போட்டபடி இருக்கின்றன. திருடன் வந்திருந்தால் எல்லாவற்றையும்தானே எடுத்திருப்பான்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

முதலில், கன்டெய்னர் என்பது குட்டிக் கணினி அல்ல. கண்பட்டை கட்டிய சாதாரண நிரல்தான். எதெது அதன் கண்ணில் படலாம் என்பதை லினக்ஸ் இயங்குதளத்தின் நேம்ஸ்பேஸ் என்ற வசதி தீர்மானிக்கிறது; நினைவகத்தையும் சிபியுவையும் சிகுரூப் என்ற இன்னொரு வசதி அளந்து விடுகிறது. சிகுரூப் 2008-லேயே லினக்ஸில் சேர்ந்துவிட்டது. இவற்றையெல்லாம் யாரும் எளிதாகக் கையாளும்படி செய்தது 2013-இல் வந்த டாக்கர் என்ற மென்பொருள். ஜூபிட்டர் நோட்புக்கோ, நிரலையும் அதன் விடையையும் ஒரே பக்கத்தில் வைத்து உலாவியில் தெரியும் முகம் மட்டும். கணக்குப் போடுவது பின்னால் ஓடும் பைத்தான். (அதற்கும் கர்னல் என்றே பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 127.0.0.1 என்பது 'இதே கணினி' என்று பொருள்படும் முகவரி; கன்டெய்னருக்குள் அது என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். அதனால் ஜூபிட்டரை 0.0.0.0 என்ற முகவரியில், அதாவது எல்லா வழியாகவும் வரும் அழைப்புகளுக்குக் காதுகொடுக்கச் சொல்லி, 8888 போர்ட்டை (இணைப்பு வாசலை) வெளியே திறந்துவிட வேண்டும். டோக்கனை (உள்ளே நுழையக் கேட்கும் ரகசியக் குறியை) எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் வழிப்போக்கர்கள்கூட உங்கள் செலவில் நிரல் ஓட்டுவார்கள்.

சரி, கோப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கன்டெய்னருக்குள் என்னென்ன வேண்டும் என்ற கட்டளைப் பட்டியல்தான் டாக்கர்ஃபைல். அதில் கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்கு. லினக்ஸ் அடிப்படை ஒன்று, பைத்தான் ஒன்று, நூலகங்கள் ஒன்று. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாள்களின் எழுத்தும் ஒரே பக்கம்போலத் தெரியும். இந்த அடுக்குகள் சேர்ந்ததுதான் இமேஜ். அதில் யாரும் எழுத முடியாது. கன்டெய்னர் பிறக்கும்போது உச்சியில் ஒரு வெற்றுத் தாள் வைக்கப்படுகிறது. எழுத்தெல்லாம் அதில் மட்டும்தான். கீழே உள்ள கோப்பைத் திருத்தினால், அதன் பிரதி மேல் தாளுக்கு வந்து அங்கே திருத்தம் நடக்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் நோட்புக் திறந்தாலும் நூலக அடுக்கு ஒரு கணினியில் ஒரே ஒரு தடவைதான் இருக்கும். ஆளுக்கொரு மேல் தாள், அவ்வளவுதான்.

அப்படியானால் கீழ் அடுக்கில் இருப்பதை எப்படி அழிப்பது? அழிக்கவே முடியாது. அடுக்குகளை ஒன்றாகக் காட்டும் ஓவர்லேஎஃப்எஸ் என்ற கோப்பமைப்பு, மேல் தாளில் அதே பெயரில் ஒரு போலிக் கோப்பை வைக்கிறது. அது 0,0 என்ற எண்கள் கொண்ட, எதோடும் இணையாத சாதனக் கோப்பு. பார்ப்பவருக்குக் கோப்பு இல்லை; அடியில் பத்திரமாக இருக்கிறது. நான் ஒருமுறை கடவுச்சொல் கோப்பை இமேஜுக்குள் காப்பி செய்துவிட்டு, அடுத்த வரியில் அழித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். இமேஜைப் பிரித்துப் பார்த்த நண்பர் கடவுச்சொல்லை எனக்கே வாசித்துக் காட்டினார்.

அடுக்குகளின் வரிசையும் முக்கியம். நூலகப் பட்டியலை முதலில் காப்பி செய்து நிறுவுங்கள். அடிக்கடி மாறும் உங்கள் நிரல் அப்புறம் வரட்டும். ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலுள்ளவை எல்லாம் மறுபடி கட்டப்படும். நூலகங்களின் பதிப்பு எண்ணையும் குறித்துவையுங்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடந்த லட்சக்கணக்கான நோட்புக்குகளை மறுபடி ஓட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. பிழையில்லாமல் ஓடியவை கால்வாசிக்கும் குறைவு. பழைய விடையையே தந்தவை 100-க்கு 4. கருவி வாங்கப் பணம் தரும் ஆராய்ச்சி நிதியங்கள், நோட்புக்கில் போட்ட கணக்கைப் பத்து வருடம் கழித்தும் ஓடும்படி பராமரிக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் தரத் தயங்குவது எனக்குப் புரிந்ததே இல்லை.

வாசகரின் கோப்பு அந்த மேல் தாளில் இருந்தது. கன்டெய்னர் நின்று மட்டும் போயிருந்தால் தாள் அப்படியே இருக்கும், மறுபடி தொடங்கினால் போதும். ஆனால் பல கிளவுட் அமைப்புகள் சும்மா கிடக்கும் கன்டெய்னரை நீக்கிவிட்டு, கேட்கும்போது அதே இமேஜிலிருந்து புதிதாக ஒன்றைத் தருகின்றன. நூலகங்கள் இருக்க, கோப்பு மட்டும் காணாமல் போனது அதனால்தான். அடுத்த முறை வேலைக் கோப்புறையில் ஒரு வால்யூமை (தனிச் சேமிப்பிடத்தை) இணைத்துக்கொள்ளுங்கள். அது அடுக்குகளுக்கு வெளியே இருப்பது, கன்டெய்னரோடு போகாது. நேற்றையதை மட்டும் மறுபடி எழுத வேண்டியதுதான்.