பழைய செப்புக் காச புளி போட்டு தேய்க்காதீங்க
மண்ணடியில பழைய காசு வாங்கி விக்கிறது நம்ம தொழில். ஆடி வெள்ளி, பொங்கல்னு வந்தா போதும், பூஜை ரூம் விளக்கோட சேர்த்து பாட்டி காலத்து செப்புக் காசையும் புளி, பீதாம்பரி போட்டு தேய்ச்சு பளபளன்னு எடுத்துட்டு வந்து "எவ்ளோண்ணா தேறும்"னு நிப்பாங்க, பாக்குற நமக்கு வயிறு எரியும்.

அதிகமா வர்றது 1835 கால் அணா. ஆறரை கிராம் இருக்கும், அந்தக் காலத்துல 64 சேர்ந்தா ஒரு ரூபா. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை, ரெண்டு சிங்கம், கீழ ரிப்பன்ல பொடி எழுத்து. தேய்ச்சா முதல்ல போறது அந்த எழுத்தும் சிங்கத்தோட பிடரியும்தான். காசு மேல வருஷக்கணக்கா படிஞ்ச காப்பிக் கலர் இருக்கே, அது அழுக்கு இல்ல, அதுதான் உள்ள இருக்குற செம்புக்கு காவல். புளி பட்டா அது கழண்டு ரோஸ் கலர்ல மொழுக்குனு நிக்கும், லென்ஸ் வச்சா பூரா கீறல், அப்புறம் எடைக்குத்தான் போகும்.

"இருநூறு வருஷ காசுண்ணா, லட்சம் போகும்னு யூடியூப்ல சொன்னாங்க"ம்பாங்க. வயசுக்கு காசு கிடையாதுங்க. 1808-ல பர்மிங்காம்ல அடிச்சு மெட்ராஸுக்கு அனுப்பின 10, 20 காசுல ஏகப்பட்டது அட்மிரல் கார்ட்னர் கப்பலோட 1809 ஜனவரியில இங்கிலாந்து கரை பக்கத்துலயே முங்கிடுச்சு, 1980கள்ல மூட்டை மூட்டையா அள்ளிட்டாங்க, இப்ப அது தாராளமா கிடைக்குது. (பழைய காச வித்துத் தர்றோம்னு ரிசர்வ் பேங்க் பேர சொல்லி கமிஷன் கட்டுன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க, 2021-லயே அவங்க எச்சரிச்சுட்டாங்க.)

பச்சை புடிச்சிருந்தா பதறாதீங்க. கெட்டியா, வழவழன்னு கரும்பச்சை இருந்தா அப்படியே விடுங்க. வெளிர் பச்சையா மாவு மாதிரி உதிர்ந்து, தட்டிவிட்டாலும் திரும்ப வந்தா அதுதான் வில்லங்கம், உப்பு உள்ள இறங்கி செம்ப அரிக்குதுன்னு அர்த்தம். காசிமேடு, ராயபுரம் கடல் காத்துக்கு இது சகஜம். அந்தக் காச மட்டும் தனியா பிரிச்சு டிஸ்டில்ட் வாட்டர்ல போட்டு தண்ணிய மாத்தி மாத்தி சில நாள் ஊற வைங்க, குழாத் தண்ணி வேணாம், நல்லா காய வச்சு டப்பால சிலிகா ஜெல்லோட போடுங்க. முழுசா குணமாகாது, அரிப்பு வேகம் குறையும். ஸ்டேஷனரி கடைல விக்கிற மெத்துன்னு இருக்குற பிளாஸ்டிக் கவர் மட்டும் வேணவே வேணாம், அதுலேர்ந்தே பிசுக்குன்னு பச்சையா ஒட்டும், பேப்பர் கவரே போதும்.