வெடிக்கும் முன்பே தப்பிவிடும் குறி

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது வேட்டைப் பார்க்காதீர்கள், சுற்றி நிற்கிற பிள்ளைகளைப் பாருங்கள். வேட்டுக்காரர் திரியில் நெருப்பு வைத்துவிட்டு விலகி ஓடி வருவார். திரி புகையத் தொடங்கியதுமே பிள்ளைகளுக்குக் கண் இடுங்கும், தோள் காதுவரை ஏறும், விரல்கள் மடங்கும். வேட்டு இன்னும் வெடிக்கவே இல்லை. அதே கூட்டத்தில் ஐஸ்காரரிடம் சில்லறை எண்ணி வாங்கிக்கொண்டிருக்கிற ஒரு பையன் திரியைக் கவனித்திருக்க மாட்டான். அவன் வெடிக்கும்வரை சாதாரணமாக நிற்பான், வெடித்த பிறகுதான் துள்ளுவான்.

சின்ன ரிவால்வரில் குறி ஏன் தப்புகிறது என்பதில் முக்கால்வாசி இந்த இரண்டு வகைப் பிள்ளைகளிடம் இருக்கிறது. எனக்கு இது புரிந்தது என் மாமா சுட்டுப் பழகிய கதையில்.

மாமாவுக்கு மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடை. ராத்திரியில் சரக்கோடு வீடு திரும்புகிற தொழில் என்பதால் பல வருஷத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கி, கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த, .32 அளவுத் தோட்டா போடுகிற ரிவால்வர் ஒன்றும் வாங்கினார். அதற்கப்புறம் அது பெரும்பாலும் பீரோவில்தான் இருந்தது. அறுபதைத் தாண்டிய பிறகு ஒருநாள், “சுடத் தெரியாம இதை வச்சிருக்கறது, வச்சிருக்காததை விட மோசம் மாப்ளே” என்றார். யானைமலை தெரிகிற தூரத்தில் இருக்கிற, துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிசிக்ஸ் படித்தவன் கூட இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பார் போல.

ஏழு மீட்டர் தள்ளி ஒரு காகிதம். ஆறு தோட்டா சுட்டார். மூன்றுதான் காகிதத்தில் பட்டிருந்தது, மூன்றும் நடுவிலிருந்து இடப்பக்கம் கீழே. “பேரலே கோணல்” என்றார் மாமா. அங்கிருந்த கோச் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் சொல்லாமல் அதே ரிவால்வரை வாங்கி ஆறு சுட்டார். டீ சாஸரால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கமாக ஆறு ஓட்டை.

பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தோட்டா போடுகிற சிலிண்டரில் ஏதோ போட்டு மூடி, மாமாவிடம் நீட்டினார். மாமா குறி பார்த்து ட்ரிக்கரை இழுத்தார். வெடி. மறுபடி இழுத்தார். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஆனால் வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை இரண்டு விரற்கடை கீழே இறங்கி, கொஞ்சம் இடப்பக்கமும் சாய்ந்து நின்றது. ஆறு துளைகளில் மூன்றில் தோட்டாவும் மூன்றில் வெடிக்காத டம்மியும் கலந்து போட்டிருக்கிறார் கோச். எதில் எது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. மாமா துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேரலைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

குறி தப்பினால் பழி முதலில் விழுவது உதைப்பின் மேல்தான். வெடித்ததும் துப்பாக்கி எகிறுகிறது, அதனால் குண்டு எங்கோ போகிறது என்பார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. .32 குண்டின் எடை ஆறேகால் கிராமுக்குச் சற்று மேல், வெளியேறும் வேகம் விநாடிக்கு 215 மீட்டர் அளவு. மாமாவின் ரிவால்வர் சுமார் 700 கிராம், குழாயின் நீளம் 76 மில்லிமீட்டர். குண்டு முன்னால் போகப் போகத் துப்பாக்கி பின்னால் வரும், எடை விகிதத்தில். அப்படிப் பார்த்தால் குண்டு குழாயை விட்டு வெளியே வரும்போது துப்பாக்கி பின்வாங்கியிருப்பது முக்கால் மில்லிமீட்டர் கூட இல்லை. நேரமோ ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவு. அதற்குள் முனை கொஞ்சம் எழும்பும்தான், அதையும் கணக்கில் வைத்தே குறி பார்க்கிற சைட்டின் உயரத்தை அமைத்திருப்பார்கள். வெடிச்சத்தம் கேட்டு மனிதக் கை அசைய எப்படியும் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் ஆகும். அப்போது குண்டு ஏழு மீட்டரைத் தாண்டிப் போயே போய்விட்டிருக்கும். ஆக, நாம் பார்த்து மிரள்கிற அந்த எகிறல் குண்டு போன பிறகு நடப்பது. குறியைக் கெடுப்பது எதுவானாலும் அது வெடிக்கும் முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

பரோட்டா கடை சப்ளையரைக் கவனித்திருக்கிறீர்களா? இடது உள்ளங்கையில் நாலைந்து தட்டு அடுக்கி வைத்திருப்பார். வலது கையால் அவரே ஒரு தட்டை எடுத்து மேஜையில் வைக்கும்போது இடது கை அசையாது. அவசரப்பட்ட ஒருவர் எட்டி அவர் கையிலிருந்து ஒரு தட்டை உருவினால் மட்டும் அந்தக் கை சட்டென்று மேலே துள்ளும். தானே எடுக்கும்போது, எடை எந்த நொடியில் குறையும் என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரியும். சரியாக அந்த நொடியில் கையின் இறுக்கத்தையும் குறைத்துவிடுகிறது. இப்படி முன்கூட்டியே கணக்குப் போடுவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் கேட்டுக்கொள்ளாமலே, நமக்குத் தெரியாமலே நாள் முழுக்க நடக்கிற உபகாரம் இது.

ரிவால்வர் சுடும்போதும் மூளை இதே உபகாரத்தைத்தான் செய்ய வருகிறது. இரண்டு மூன்று தடவை சுட்டதுமே அது கற்றுக்கொள்கிறது: ட்ரிக்கர் இந்த இடத்துக்கு வந்தால் முனை மேலே எகிறும். எகிறப்போகிறதா, சரி, கொஞ்சம் முன்னாலேயே கீழே அழுத்திவிடுவோம் என்று மணிக்கட்டுக்குச் சொல்லி அனுப்புகிறது. அழுத்தம் சரி, நேரம்தான் தப்பு. தேர்ந்தவர்களின் கையும் முனையைக் கீழே அழுத்தத்தான் செய்யும், ஆனால் குண்டு போன பிறகு. கோச்சுக்கும் மாமாவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்கு.

கீழே போனது அதனால். இடப்பக்கம் போனதற்குக் காரணம் விரல்கள். ஆள்காட்டி விரலை மட்டும் தனியாக மடக்கிப் பாருங்கள், மற்ற விரல்களும் லேசாகக் கூட வரும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் பாதி பங்காளிச் சொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் விஷயம். ஒரு விரல் வேகமாக இழுத்தால் மற்ற மூன்றும் மாட்டுக்காம்பைப் பிடித்த மாதிரி கைப்பிடியை இறுக்கும். வலது கைக்காரருக்கு இந்த இறுக்கம் முனையை இடப்பக்கம் கீழே திருப்பிவிடும். இதற்குக் கோச் சொன்ன வழி எளியது: ட்ரிக்கரைத் தொடும் முன்பே கைப்பிடியை நன்றாக, எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடித்து இறுக்கிவிடு. இடது கையையும் சேர்த்துப் பிடி. இறுக வேண்டியதெல்லாம் முன்பே இறுகிவிட்டால் விரல் இழுக்கும்போது இறுகுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

சின்னத் துப்பாக்கியில் இதெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல், ட்ரிக்கரை மட்டும் முழுக்க இழுத்துச் சுடும்போது விரல் கொடுக்க வேண்டிய விசை இந்த மாதிரி ரிவால்வர்களில் ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ட்ரிக்கர் எடைக்குச் சட்டப்படி குறைந்தபட்ச அளவே 500 கிராம்தான், அதுவும் ஒரு கிலோ அளவுள்ள துப்பாக்கியில். இங்கே நிலைமை தலைகீழ். அரை லிட்டர் பால் பாக்கெட்டை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு, அது துளியும் அசையாமல், அதே கையின் ஒரு விரலால் ஐந்து கிலோ அரிசிப் பையை இழுக்கச் சொல்வது மாதிரி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2014-இல் ‘நிர்பீக்’ என்ற ரிவால்வர் வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், சுமார் 500 கிராம், பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று சொன்னார்கள். தூக்கிக்கொண்டு போக லேசு, சந்தேகமில்லை. ஆனால் அதே .32 தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியில் சுட்டால் அது விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். 500 கிராமில் அதுவே 2.8 மீட்டர். உதைப்பின் ஆற்றல் 40 சதவீதம் கூடுதல். உதை கூடினால் மூளையின் அவசரமும் கூடும். புதிதாகப் பழகுகிறவர் கையில் கொடுக்க வேண்டியது கனமான துப்பாக்கி. ‘லேசானது, அதனால் சுலபமானது’ என்கிற பேச்சு சுட்டுப் பார்க்காதவர்களின் பேச்சு.

கனமான ட்ரிக்கரில் ஒரு நன்மையும் இருக்கிறது. நீண்ட இழுப்பு என்பதால், நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்துக்கொண்டே போனால் சுத்தியல் எந்த நொடியில் விழும் என்று நமக்கே சரியாகத் தெரியாது. எவ்வளவு நீளம் என்று தெரியாத திரி அது. ‘இப்போது’ என்று நாம் முடிவெடுத்து வெடுக்கென்று இழுத்தால் திரியைப் பார்த்துவிட்ட பிள்ளையாகிறோம். சீராக இழுத்தால் ஐஸ் வாங்குகிற பையன்.

சத்தமும் உதைக்குச் சமமான எதிரி. கைத்துப்பாக்கியின் வெடி 150 டெசிபலைத் தாண்டும், 140-க்கு மேல் ஒரே ஒரு வெடியே காதுக்குக் கேடு. திடீர்ச் சத்தத்துக்குக் கண் இமை ஐம்பது மில்லிவிநாடிக்குள் மூடத் தொடங்கிவிடும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வெடியும் காதைக் கிழித்தால் அடுத்ததற்கு உடம்பு முன்கூட்டியே சுருங்கக் கற்றுக்கொள்ளும். பஞ்சு போதாது. காதுக்குள் ப்ளக், அதன்மேல் கவசம் என்று இரண்டும் போட்ட அன்றைக்கே மாமாவின் கை பாதி அடங்கிவிட்டது.

அடுத்த சிக்கல் கண்ணில் வந்தது. “முன்னால இருக்கற சைட்டைப் பாருங்க, காகிதம் மங்கலாத் தெரிஞ்சா பரவாயில்லை” என்றார் கோச். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று 1 மில்லிமீட்டர் விலகினால் ஏழு மீட்டரில் குண்டு 7 சென்டிமீட்டர் விலகும். போட்டி ஏர் பிஸ்டலில் அந்த இடைவெளி இதைவிட மூன்று மடங்கு நீளம் என்பதால் பிழை இரண்டு சென்டிமீட்டர் சொச்சத்தோடு நின்றுவிடும். ஆனால் சைட்டுகள் இரண்டும் நேராக இருந்து, நீட்டிய கை மொத்தமாக 1 மில்லிமீட்டர் ஆடினால் விலகல் 1 சென்டிமீட்டர்தான். வயதானவர்கள் கை நடுங்குகிறதே என்று கவலைப்படுகிறார்கள். கெடுப்பது நடுக்கமில்லை, சைட் கோணுவது.

மாமாவுக்கு அந்த முன் சைட்டே தெரியவில்லை. நாற்பதைத் தாண்டினால் கண் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்துக்குக் குவியாது. அவர் கண்ணாடியில் மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி 40 சென்டிமீட்டரில் பேப்பர் படிக்க. முன் சைட் இருப்பதோ 70 சென்டிமீட்டரில், இரண்டுக்கும் நடுவே அம்போ என்று. கீழ்ப் பாதி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்ததில் பிடியே கலைந்தது. கண்ணாடிக் கடையில் கை நீளத்தை அளந்து சொல்லி, ஒன்றரை பவர் கூட்டி ஒரு ஜோடி போட்டு வாங்கினோம். “திருடன் வந்தா, இருப்பா கண்ணாடி மாத்திக்கிறேன்னு சொல்லவா?” என்றார். நியாயமான கேள்வி. மூன்று மீட்டரில் அதே 1 மில்லிமீட்டர் பிழை 3 சென்டிமீட்டர்தான், அங்கே கண்ணாடி இல்லாமலும் சமாளிக்கலாம். கண்ணாடி வேண்டியது பழகுகிற காலத்தில், தன் கை செய்கிற தப்பைத் தானே பார்ப்பதற்கு.

தோட்டா நினைத்தபடி வாங்க முடியாது, எத்தனை என்பது லைசென்ஸிலேயே இருக்கும். அதனால் பழக்கத்தில் பெரும்பகுதி தோட்டா இல்லாமல் வீட்டில் நடந்தது. தோட்டாப் பெட்டியை வேறு அறையில் பூட்டி, சிலிண்டரைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, டம்மி தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு, தெருப்பக்கம் இல்லாத செங்கல் சுவரைப் பார்த்து நிற்பார். குழாயின் மேல், முன் சைட்டுக்குப் பின்னால், ஒரு ரூபாய்க் காசை நான் வைப்பேன். காசு விழாமல் ட்ரிக்கரை இழுக்க வேண்டும். முதல் வாரம் காசு பொறுக்குவதே என் வேலையாக இருந்தது. “டிவி பக்கம் திருப்பினா ராத்திரி சோறு கிடையாது” என்று அத்தை அடுப்படியிலிருந்து சொல்வார். (.22 ரகத்தில் துளையைக் காலியாக விட்டு இப்படிப் பழகக் கூடாது. அதன் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கிற அமைப்பு, தோட்டா இல்லாவிட்டால் துளையின் விளிம்பில் அடித்துக் கெடுக்கும்.) தினம் பத்து நிமிஷம் போதும். ஒரே நாளில் இருநூறு தடவை இழுப்பதைவிடப் பத்து நாளில் இருபது இருபதாக இழுப்பது கையில் நிற்கும், நடுவில் வருகிற தூக்கத்தில்தான் மூளை அதைப் பதிந்துவைக்கிறது.

ஆனால் இந்தப் பழக்கம் விரலைத்தான் திருத்தும். மூளையின் பயத்துக்கு மருந்து கோச் செய்த அந்த டம்மி வேலைதான். எகிறும் என்று எதிர்பார்த்து, எகிறாமல் போகிற ஒவ்வொரு ‘டிக்’கிலும் மூளையின் கணக்கு பொய்க்கிறது. கீழே இறங்கிய முனை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஆறேழு வாரத்தில் மாமாவின் முனை டம்மியில் அசையாமல் நின்றது. காகிதத்தில் ஆறும் ஒரு இட்லித் தட்டுக்குள் வந்தன.

அப்போது 2024 மக்களவைத் தேர்தல் வந்தது. மார்ச் 16-ஆம் தேதி அறிவிப்பு, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். மாமா ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீதைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். ராத்திரி கடையிலிருந்து வழக்கம்போலத்தான் வந்தார், கூட ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டு. என்னைக் கேட்டால் அதுவே நல்ல பாதுகாப்பு, ஆனால் அது வேறு கட்டுரை. ஜூன் 4-இல் வாக்கு எண்ணிக்கை முடிந்து, துப்பாக்கி கைக்கு வர மூன்று மாதம் ஆகிவிட்டது.

பழகி அடங்கிய பயம் அழிந்துபோவதில்லை. இடைவெளி விட்டால் தானாகத் தலைதூக்கும் என்பது மணியோசைக்கு எச்சில் ஊறிய நாய்களை வைத்து பாவ்லோவ் பார்த்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் இரண்டாம் தடவை அடங்குவதற்கு முதல் தடவை அளவு நாள் பிடிக்காது. ரேஞ்சில் கோச் பழையபடி முதுகைக் காட்டித் திரும்பி நின்று சிலிண்டரை நிரப்பிக் கொடுத்தார். முதல் ‘டிக்’கில் முனை ஒரு விரற்கடை இறங்கியது. மாமா “ம்” என்றார். அடுத்தது வெடி, அதற்கடுத்து ‘டிக்’. முனை நின்ற இடத்திலேயே நின்றது.