அந்துருண்டையும் ஒற்றை நொதியும்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்துவது பல வீடுகளில் வழக்கமில்லை. பெட்டியின் அடியிலிருந்து பாட்டியின் பழைய பருத்திப் புடவையை எடுத்துக் கிழித்துச் சுற்றுவார்கள். அந்தப் பெட்டிக்குள் அந்துருண்டை கிடந்திருந்தால், சில குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் கண் மஞ்சளாகும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைகின்றன என்று அதற்கு அர்த்தம். அதே துணியில் படுத்த இன்னொரு குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இருவருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு நொதியில்தான்: குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ். மருத்துவமனையில் சுருக்கமாக ஜி6பிடி என்பார்கள்.

ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுவின் வேலை. அந்தச் சுமையே அதற்கு ஆபத்தும்கூட. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். இரும்பின் மேல் ஏறிய ஆக்சிஜன் ஏறியபடியே இறங்கிப் போக வேண்டும். சில சமயம் இரும்பின் எலக்ட்ரான் ஒன்றையும் பறித்துக்கொண்டு இறங்கும். நாளொன்றுக்கு ஹீமோகுளோபினில் 1 முதல் 3 சதவீதம் இப்படிப் பறிகொடுக்கிறது. பறித்துக்கொண்டு போன ஆக்சிஜனுக்குச் சூப்பராக்சைடு என்று பெயர். அகப்பட்டதையெல்லாம் அரிக்கும் பொருள்களுக்கு அதுதான் தொடக்கம்.

அதை முதலில் மடக்கும் நொதி சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். மாட்டின் சிவப்பணுவில் செம்பு கலந்த ஒரு புரதம் இருப்பது 1938-லேயே தெரிந்திருந்தது. அது எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. 1969-ல் மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர்கள் அதன் வேலை சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது என்று காட்டினார்கள். 30 ஆண்டுகள் கண்முன்னே இருந்த புரதம்!

ஹைட்ரஜன் பெராக்சைடும் நல்லதல்ல. கேட்டலேஸ், பெராக்சிரெடாக்சின், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் மூன்றும் சேர்ந்து அதைத் தண்ணீராக்குகின்றன. இதற்காகக் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் காலியாகிறது. காலியானதை மறுபடி நிரப்ப, எலக்ட்ரானைச் சுமந்துவந்து தரும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு வேண்டும். மற்ற செல்களுக்கு என்ஏடிபிஎச் கிடைக்கப் பல வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு ஒரே வழி. அதன் வாசலில் நிற்பது ஜி6பிடி. உட்கருவும் இல்லாததால், தேய்ந்த நொதிக்குப் பதில் புதிது செய்துகொள்ளவும் அதனால் முடியாது. பிறந்தபோது கொண்டுவந்ததை வைத்தே 120 நாளை ஓட்ட வேண்டும்.

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; அதனால் ஆண்களே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார்கள். உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்த நொதி போதாத குறை உண்டு. பலர் வாழ்நாள் முழுக்க அறியாமலே நலமாக இருப்பார்கள். அந்துருண்டையின் நாப்தலீன் உடலுக்குள் போய் எலக்ட்ரானைப் பறிக்கும் பொருளாக மாறும்போதுதான் கையிருப்பு போதாமல் போகிறது. ஹீமோகுளோபின் திரிந்து கட்டிகளாகச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரல் அந்தக் கட்டிகளைக் கவ்வி எடுக்கும். நுண்ணோக்கியில் கடித்த பிஸ்கட் போன்ற அணுக்களைப் பார்க்கலாம்.

ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலிகள் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவில் கதை வேறு. பீட்டா வகையில் ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் திரிந்து இரும்பை வெளியே விடுகின்றன. காவல் நொதிகள் இருந்தும் எதிரி மிகுதி. நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் 1952-ல் கண்டறியப்பட்ட அரிவாள் அணு ரத்தசோகையிலும் ஹீமோகுளோபின் இயல்பைவிட வேகமாக எலக்ட்ரானை இழக்கிறது.

அப்படியானால் இந்த எலக்ட்ரான் பறிப்பைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் என்ன? என்னை மிகவும் கவலைப்படுத்தும் கேள்வி இது. உணவிலுள்ள வைட்டமின் சி-யால் பயமில்லை. ஆனால் அதையே மிக அதிக அளவில் நரம்பு வழியாக ஏற்றினால், ஜி6பிடி குறை உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் உடையும். அந்த அளவில் அதுவே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அணுவின் குளூட்டாதயோனையும் செலவழிக்கிறது.

இந்தக் குறை வெளிப்பட்டதே ஒரு மருந்தால்தான். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் சிறையில் மலேரியா மருந்தான பிரைமாகுவினைக் கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது சிலருக்கு ரத்தம் உடைந்தது. மறுக்கும் சுதந்திரம் கைதிக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்ற உறுத்தலை ஒதுக்கிவிட்டு இதைச் சொல்ல முடியாது. 1956-ல் காரணம் ஜி6பிடி குறை என்று தெரிந்தது. மருந்தை நிறுத்தாமலே சில நாளில் ரத்தம் உடைவது நின்றதையும் அங்கே கவனித்தார்கள். வயதான அணுக்கள் அழிந்து, நொதி சற்றுக் கூடுதலாக உள்ள இளம் அணுக்கள் மிஞ்சியதே காரணம்.

ஆகவே ரத்தம் உடைந்த கையோடு ஜி6பிடி பரிசோதனை செய்தால், மிஞ்சிய இளம் அணுக்களை அளந்துவிட்டு ‘இயல்பு’ என்று முடிவு வரக்கூடும். சந்தேகம் இருந்தால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் பெட்டித் துணி குழந்தையின் பக்கம் வரவேண்டாம்.