ஐரோப்பாவுக்குள் பறக்க ‘ஸ்டூடண்ட் ஃபேர்’ தேடுகிறீர்களா?

ஜெர்மனியின் ரூர் பகுதியில் விமான டிக்கெட் போடுவது என் தொழில். டோர்ட்முண்ட், போஹும், எஸன் என்று சுற்றிலும் பல்கலைக்கழகங்கள். திரும்பிய பக்கமெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள். மே மாதம் பிறந்துவிட்டால் அவர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, பார்சிலோனா, லிஸ்பன், ரோம் எல்லாம் சுத்திட்டு வரணும். ஸ்டூடண்ட் ஃபேர் ஏதாவது இருக்கா?”

இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவுக்குள் சுற்றும் இந்தப் பயணத்துக்கு அந்த மாணவர் கட்டணம் பெரும்பாலும் உதவாது.

மாணவர் கட்டணத்தின் உண்மையான பலன் தொலைதூர விமானங்களில்தான். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரும்போது கூடுதலாக ஒரு பெட்டி, தேதியை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு என்று ஏதாவது கிடைக்கும். முன்பெல்லாம் எஸ்டிஏ டிராவல் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்கென்றே தனிக் கட்டணம் பேசி விற்றன. எஸ்டிஏ டிராவலும் 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஐரோப்பாவுக்குள் இரண்டு மணி நேரப் பயணத்தை ரயன்ஏர், விஸ் ஏர், ஈஸிஜெட் போன்ற மலிவு விலை நிறுவனங்கள் பிடித்துக்கொண்ட பிறகு, மாணவர் கட்டணத்தைவிட எல்லோருக்குமான கட்டணமே குறைவாக இருப்பது சகஜம். போதாக்குறைக்கு, ‘இளைஞர் கட்டணம்’ தரும் சில நிறுவனங்கள் 25 வயதோடு கோடு போட்டுவிடுகின்றன. இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்களில் பலர் அந்த வயதைத் தாண்டியிருப்பார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் மாணவர் அமைப்பு தரும் ஈஎஸ்என் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ரயன்ஏர் பல ஆண்டுகளாக 10 சதவீதத் தள்ளுபடியும் 20 கிலோ பெட்டியும் கொடுத்து வந்திருக்கிறது. எல்லோரும் அந்த 10 சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். 30 யூரோ டிக்கெட்டில் அது 3 யூரோ. பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டினால் கோடையில் அது டிக்கெட் விலையையே தாண்டிவிடும். லாபம் பெட்டியில்தான். நீங்கள் போகும் தேதிக்கு இந்தச் சலுகை செல்லுமா, எத்தனை நாள் முன்னதாக வாங்க வேண்டும் என்பதை மட்டும் இந்த ஆண்டு நிபந்தனைகளில் படித்துவிடுங்கள்.

சரி, விலை எப்படித்தான் குறையும்? “பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடினால் குறையும், செவ்வாய்க்கிழமை இரவு வாங்கினால் குறையும்” என்பதெல்லாம் கைவைத்தியம். ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி திறக்கும். காலையில் 24 யூரோ காட்டியது மாலையில் 38 ஆவதற்கு, இடையில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் காரணம்.

இதில் கூட்டமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடுகிறீர்கள். கீழ்ப்படியில் மூன்று இருக்கைதான் மிச்சம். அப்போது பல தளங்கள் நான்கு பேருக்கும் மேல்படி விலையையே காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை வேறாக இருந்தால், மூன்று பேருக்குத் தனியாகவும் ஒருவருக்குத் தனியாகவும் வாங்குங்கள். எங்கள் அலுவலகத்தில் தினமும் செய்கிற வேலை இது. இரகசியம் ஒன்றுமில்லை.

அப்புறம், பள்ளி விடுமுறை. ஜெர்மனியில் கோடை விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு நாளில் தொடங்கும். பவேரியாவில் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளும். ரூர் பகுதி இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் குடும்பங்கள் மொத்தமாகக் கிளம்பும் வாரத்தில் இங்கிருந்து பறப்பதும், அவர்கள் திரும்பும் வார இறுதியில் ஸ்பெயினிலிருந்து திரும்புவதும் பர்ஸுக்கு ஆகாது. உங்களுக்கோ ஜூலைக் கடைசியில் வகுப்புகள் முடிகின்றன, அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. தேர்வுத் தேதி இடம் கொடுத்தால் செப்டம்பர் இரண்டாம் பாதிக்குத் தள்ளிப் போடுங்கள். லிஸ்பனில் அப்போதும் வெயில் அடிக்கும்.

போகும் டிக்கெட் விலை அதிகம், திரும்பும் டிக்கெட் குறைவு என்று சிலர் குழம்புவார்கள். ஜெர்மனியிலிருந்து புறப்படும் பயணிக்கு விமான வரி உண்டு. ஐரோப்பாவுக்குள் பறக்க அது 2024 மே மாதம் 15.53 யூரோவாக உயர்ந்தது. இங்கே வந்து இறங்குபவருக்கு அந்த வரி கிடையாது. வரியைத் தப்பிக்க ஐண்ட்ஹோவன் போகிறேன் என்று கிளம்பாதீர்கள், நெதர்லாந்தில் வரி இதைவிட அதிகம். மொத்த விலை குறைந்தால் போங்கள். வழியில் நெதர்லாந்து எல்லையில் இருக்கும் ஃபென்லோ வரை, ஜெர்மனியின் உள்ளூர் ரயில், பஸ்களுக்கான டாய்ச்லாந்து டிக்கெட்டே செல்லும்.

உண்மையில் உங்கள் கையில் இருக்கும் பெரிய மாணவர் சலுகை, செமஸ்டர் கட்டணத்தோடு வரும் அந்த செமஸ்டர் டிக்கெட்தான். டோர்ட்முண்ட், கொலோன், வீஸ விமான நிலையங்களுக்குத் தனிச் செலவில்லாமல் போய்விடலாம். ஆனால் காலை 6 மணி விமானம் என்றால் முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 19 யூரோ டிக்கெட்டுக்கு 70 யூரோ டாக்ஸி பிடித்தவர்கள் உண்டு. ராத்திரியே போய் அங்கே உட்கார்ந்துகொள்ளலாம் என்றால், சில சிறிய விமான நிலையங்களை இரவில் பூட்டிவிடுவார்கள். இறங்கும் இடத்திலும் இதே கதைதான். பாரிஸ் என்று விற்கப்படும் போவே, பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் பெயர் தாங்கிய ஹான் 120 கிலோமீட்டர். பஸ் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். இங்கிருந்து பாரிஸுக்கு முன்னதாகவே ரயில் டிக்கெட் வாங்கிவிட்டால், விமானத்தை நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பை விஷயம் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் எல்லோரும் மாட்டுகிறார்கள். ரயன்ஏர், விஸ் ஏரில் இலவசப் பை 40, 30, 20 சென்டிமீட்டர். ஈஸிஜெட்டில் 45, 36, 20. கல்லூரி முதுகுப்பை காலியாக இருக்கும்போது இந்த அளவுக்குள் அடங்கும். முன் ஜிப்பில் சார்ஜரும் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் ஏறியதும் 20 என்பது 26 ஆகிவிடும். விமானம் ஏறும் கேட்டில் பை அளக்கும் கூண்டுக்குள் பை இறங்கவில்லை என்றால் டிக்கெட்டைவிட அதிகமாகக் கட்ட வேண்டிவரும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போன கோடையில் ஒரு மாணவி அழுகையோடு போன் செய்தார். டப்ளினுக்கு 20 யூரோவில் டிக்கெட் கிடைத்ததே என்று வாங்கியிருக்கிறார். கேட்டில் விசா கேட்டிருக்கிறார்கள். ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டை இருந்தால், ஒரே விசாவில் போய்வரக்கூடிய மற்ற ஷெங்கன் நாடுகளுக்குள் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலுமே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாட்டுக்கும் தனி விசா வேண்டும். பணமும் திரும்பாது. குரோஷியா 2023இலும், பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகவும் ஷெங்கனில் சேர்ந்துவிட்டன. புது இடம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பலாம், செலவும் குறைவு. பாஸ்போர்ட், அட்டை இரண்டையும் கையில் வைத்திருங்கள். அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பவர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் டிக்கெட்டைத் தொடாதீர்கள்.

நமக்கென்றே ஒரு தொல்லை, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் படிவமோ அதை நிரப்பாமல் விடாது. உடனே அப்பா பெயரை அங்கே போட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரை டிக்கெட்டில் சேர்க்காதீர்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரைப் போடச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு, வேறு முறை சொல்பவையும் உண்டு. அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ‘ஒற்றைப் பெயர்’ பற்றிப் பார்த்துவிட்டே எழுதுங்கள். சில மலிவு நிறுவனங்களில் பெயர் மாற்றக் கட்டணம் 100 யூரோவுக்கு மேல். டிக்கெட்டை இடையில் நின்று விற்கும், முன்பின் தெரியாத இடைத்தளங்களில் வாங்கினால் இந்தத் திருத்தத்துக்கு யாரைப் பிடிப்பது என்றே தெரியாது. தேடுவதற்கு அந்தத் தளங்களைப் பயன்படுத்துங்கள், பணத்தை விமான நிறுவனத்தின் தளத்திலேயே கட்டுங்கள்.

இடைத்தளங்கள் இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டை ஒட்டிக் கொடுப்பதும் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, புது டிக்கெட் உங்கள் செலவு.

தாமதம் என்றதும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, போய்ச் சேருவது 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோவும், ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் 400 யூரோவும் இழப்பீடு கேட்கலாம். 20 யூரோ டிக்கெட்டுக்கும் இதே தொகைதான். கோடையில் அடிக்கடி நடக்கும் பிரெஞ்சு விமானக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இந்த இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடு, இரவு தங்க வேண்டிவந்தால் ஓட்டல் அறை, ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம், இவற்றை அப்போதும் தந்தே ஆகவேண்டும். கவுண்டரில் ஆள் இல்லை என்றால் ரசீதுகளைப் பத்திரப்படுத்திவிட்டு, விமான நிறுவனத்தின் இணையப் படிவத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். பாதித் தொகையைக் கமிஷனாகக் கேட்கும் ஏஜென்டுகள் இதற்குத் தேவையில்லை.