நீலக் காலும் நீல நாக்கும்

பிறந்த குழந்தையை முதன்முதலில் பார்க்கிற பலர் உள்ளுக்குள் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போகிறார்கள். தலை நீண்டு கிடக்கும். உடம்பில் வெண்ணெய் பூசியது போல ஏதோ ஒட்டியிருக்கும். உள்ளங்கையும் பாதமும் நீலம் பாரித்திருக்கும். செவிலியர் இதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டார். ஆனால் பிறந்து ஒரு மணி நேரம் கழித்தும் நாக்கு நீலமாக இருந்தால் அந்த இடமே பரபரப்பாகிவிடும்.

காரணம் இதுதான். வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான். ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது, அதுவும் குறைவாக. பிறந்த ஒரு நிமிடத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 60 முதல் 65 சதவீதம்தான் இருக்கும். 90-ஐத் தொடப் பத்து நிமிடம்கூட ஆகலாம். கை கால் நுனிகளில் ரத்த ஓட்டம் சீராக ஓரிரு நாள் பிடிக்கும். ஆக, எந்த அறிகுறி என்பதோடு அது எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1952-இல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் உருவாக்கிய மதிப்பெண் முறையிலும் இந்தக் கடிகாரம் இருக்கிறது. இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் சிணுங்குவது, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். முதல் நிமிடத்தில் ஒருமுறை, ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் நிம்மதி. பத்துக்குப் பத்து வாங்கும் குழந்தைகள் குறைவு, அந்த நீலப் பாதம் ஒரு மதிப்பெண்ணைத் தின்றுவிடும். இதைப் பரீட்சை மார்க் போல எண்ணி, பிள்ளை பின்னாளில் எப்படிப் படிக்கும் என்று கணக்குப் போடுவது வீண். இன்னொன்று, மூச்சுவிடாத குழந்தைக்கு மதிப்பெண் போடும்வரை யாரும் காத்திருப்பதில்லை. முதலுதவி அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

மூச்சை எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளம் குழந்தை சில விநாடிகள் மூச்சை நிறுத்தும், அப்புறம் கடகடவென்று விடும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். நிமிடத்துக்கு 60-க்கு மேல் நீடித்தாலோ, மூச்சு 20 விநாடிக்கு நின்றாலோ அது சரியில்லை. ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் முனகல் கேட்டால் கூடுதல் கவனம் வேண்டும். நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் இருக்க, குழந்தை தொண்டையைப் பாதி மூடி காற்றைத் தேக்கப் பார்க்கிறது.

எல்லாம் சரியாகத் தெரிகிற குழந்தையும் ஏமாற்றலாம். கருவில் நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் போக ஒரு குறுக்குவழிக் குழாய் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளும். சில கடுமையான இதயக் குறைபாடுகளில் குழந்தை அந்தக் குழாயை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. குழாய் மூடும்வரை பால் குடிக்கும், தூங்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஒரு பாதத்திலும், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்க்கிறார்கள். வலது கைக்கான ரத்தம் அந்தக் குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. பாதத்துக்கான ரத்தம் அதைத் தாண்டிப் போகிறது, குழாய் வழியே ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வந்தால் அதில்தான் கலக்கும். இரண்டுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் உடனே ஆராய வேண்டும்.

மஞ்சள் காமாலையும் இப்படித்தான். இரண்டாம் மூன்றாம் நாளில் லேசாக வந்தால், பெரும்பாலும் கல்லீரல் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல் சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தம் கண்ணுக்குத் தெரியாததைத் தேடுகிறது. தைராய்டு சுரக்காத குழந்தை பிறந்தவுடன் பார்க்க நன்றாகவே இருக்கும். அறிகுறி தெரியும் நேரத்தில் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கும். ஆனால் பிறந்த கையோடு அந்த ரத்தத்தை எடுப்பதிலும் சிக்கல் உண்டு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் எல்லாக் குழந்தைகளுக்குமே பிறந்தவுடன் எகிறிவிடும், நல்ல குழந்தைக்கும் நோய் இருப்பதாகக் காட்டும். அது அடங்கட்டும் என்று இரண்டாம் மூன்றாம் நாள்வரை காத்திருந்துதான் பெரும்பாலும் குத்துகிறார்கள்.